அறியேன் என்றவர் கண்ட அமிலம்

வாழைப்பொத்தி வறை செய்யப் புகும் யாழ்ப்பாணத்து இல்லாள், அரிந்த பொத்தியை வெறுந்தட்டில் விட்டுவைப்பதில்லை. தண்ணீரிலே மோரேனும் தேசிக்காய்ப் புளியேனும் சிறிது சேர்த்து, அரிய அரிய அதனுள் இட்டுக்கொள்வாள். அங்ஙனம் இடாது விடின், வெளிறியிருந்த துண்டுகள் அடுப்பிலே தாச்சி காய்வதற்குள் கறுத்துவிடும். ஏன் கறுக்கின்றது, தேசிக்காய் அதனை எங்ஙனம் தடுக்கின்றது என்று வினவினால், எங்கள் பாட்டிமார் அப்படித்தான் செய்தார்கள் என்பதே விடையாக வரும். வழக்கத்தை அறிந்தோம், காரணத்தைக் கேட்டோமல்லோம். அக்காரணத்தைக் கேட்டு, அதன் பின்னே நாடுவிட்டு நாடாகப் பல்லாண்டு அலைந்த ஒருவர் இருந்தார். அங்கேரி நாட்டிலே தோன்றி, அமெரிக்கக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலே மறைந்த அல்பேட் சென்ற் ஜோர்ஜி என்பவரே அவர்.

தமிழ் கற்பிக்கும் யாம் அங்கேரி அறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. எம் தங்கையின் மகள் ஒருத்தி ஆசிரியப் பயிற்சி பெற்று வருகின்றாள். வரும் ஆவணியில் அவளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டாருள் ஒருவர் அவள் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாராம். அன்று தொட்டு அவள் பெயர்ச்சீட்டு இல்லாத களிம்பு ஒன்றை யாரிடமோ பெற்று முகத்திற் பூசி வந்திருக்கின்றாள். முதலில் முகம் வெளிறிற்று. பின்னர்ச் சிவந்து எரிந்தது. ஈற்றிலே கன்னங்களில் முன்னில்லாத கரும்படைகள் தோன்றின. தாயிடம் சொல்ல அஞ்சி, சென்ற கிழமை எம்மிடம் வந்தாள். கையிலே இரண்டு சிறு போத்தல்கள் இருந்தன. சீரம் என்னும் பெயரால் இக்காலத்துக் கடைகளில் விற்கப்படும் முகப்பூச்சு நீர்மங்கள் அவை. ஒன்று விற்றமின் சி கொண்டது. முகத்துக்கு ஒளி தருவதென்பது. மற்றையது ரெற்றினோல் கொண்டது. முதுமைச் சுருக்கத்தைத் தடுப்பதென்பது. இவ்விரண்டில் எதனைத் தேர்வது என்று அம்மானாகிய எம்மைக் கேட்டாள்.

தமிழ்ப் பண்டிதனிடம் கேட்கத்தக்க வினாவன்று அது. ஆயினும் முதற் போத்தலின்மேல் எழுதியிருந்த பெயரைக் கண்டதும், அவ்வமிலத்தை உலகுக்குத் தந்தவரின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது. விடையை அங்கிருந்தே தொடங்குதல் நன்று என்று எமக்குத் தோன்றிற்று.

சென்ற் ஜோர்ஜி 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி புடாபெஸ்ற் நகரிற் பிறந்தார். தந்தையார் நிலவுடைமையாளர். தாய்வழியினரோ தலைமுறை தலைமுறையாக அறிவியலில் வல்லுநர். தாயின் உடன்பிறந்தாராகிய மிகாய் லென்ஹொசெக் என்பார் உடற்கூற்றியலிற் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர். அத்தகைய குடியிலே பிறந்தும், சிறுவர் அல்பேட் நூலை வெறுத்தார். தனியாசிரியர் துணையின்றித் தேர்விற் சித்தியடைய மாட்டாதவராயிருந்தார். பதின்மப் பருவத்திலே மனம் திரும்பிப் படிப்பில் மூழ்கி, ஆராய்ச்சியாளராகப் போகின்றேன் என்று அறிவித்தபோது, அம்மான் கடுஞ்சினம் கொண்டார். இத்தகைய மந்தனுக்கு அறிவியலில் இடமில்லை என்பது அவர் முடிபு. சில காலம் சென்றபின் மருகன்மேல் மதிப்புச் சற்று உயர, முகப்பூச்சு முதலிய ஒப்பனைப் பொருள் செய்யும் தொழிலுக்கு வேண்டுமானாற் போகலாம் என்று இணங்கினார். பின்னர்ப் பல் வைத்தியனாகலாம் என்றார். உயர்பள்ளியைச் சிறந்த சித்தியுடன் முடித்தபோதோ, மூலநோய் வைத்தியனாகலாம் என்று மேலும் ஒருபடி ஏற்றினார். அம்மானுக்கு அந்நோய் இருந்ததே அதன் காரணம் என்று சென்ற் ஜோர்ஜி பிற்காலத்தில் நகைபட எழுதிவைத்தார்.

ஒப்பனைத் தொழிலுக்கே ஏற்றவன் என்று இகழப்பட்டவர் கண்ட பொருளே, இன்று உலகெங்கும் ஒப்பனைப் போத்தல்களில் நிறைந்து கிடக்கின்றது. ஊழின் விளையாட்டு என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அப்பொருளை அவர் ஒப்பனைக்காகத் தேடினாரல்லர் என்பதனை நாம் மறத்தலாகாது.

1911ஆம் ஆண்டு புடாபெஸ்ற் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. படை மருத்துவப் பிரிவினராக இரசியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, வீரத்துக்குரிய வெள்ளிப் பதக்கமும் பெற்றார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அப்போரின் பொருளின்மை அவர் உள்ளத்தை வருத்தியது. வீணே சாவதிலும் உயிர் தப்பி நாட்டுக்கு உழைப்பதே மேல் என்று துணிந்து, 1916இல் தம் கையெலும்பிலே தாமே சுட்டுக்கொண்டு, பகைவர் குண்டு பட்டதென்று கூறி ஊர் மீண்டார். இதனைப் பின்னாளில் அவரே ஒளிக்காது எழுதினார். இச்செயலைப் பழிப்பார் பழிக்கலாம். போரின் கொடுமையை ஏட்டிலே மட்டும் கற்றவரல்லராகிய யாழ்ப்பாணத்தார், அவரைத் தூற்றுமுன் சற்றே தயங்குவர் என்று நினைக்கின்றோம்.

1917இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே திருமணமும் செய்தார். அடுத்த ஆண்டு மகள் ஒருத்தி பிறந்தாள். கோர்னேலியா என்னும் பெயரைச் சுருக்கி, அக்குழந்தையை அவர்கள் அழைத்த செல்லப்பெயர் நெல்லி. தமிழ்க் காதுக்கு அவ்வொலி எதனை நினைவூட்டும் என்பது சொல்ல வேண்டுவதில்லை. தகடூர் அதியமான் தான் உண்டு நெடிது வாழாது ஒளவைக்கு ஈந்த கனியின் பெயரன்றோ அது! அக்கனியில் எப்பொருள் மிகுந்துள்ளதோ அப்பொருளைத் தேடியவரின் வீட்டிலே அப்பெயர் வழங்கிற்று. தற்செயலேயாயினும் இனிய தற்செயல்.

போர் முடிந்ததும் அவர் நாடு சிதறிற்று. குடும்பச் செல்வமும் கரைந்தது. அவர் பணிபுரிந்த பொசொனி நகர் வேறு நாட்டின் வசமாயிற்று. பிராக், பேர்லின், ஹம்பேர்க், லைடன் என ஊரூராகக் குடும்பத்துடன் அலைந்து, 1922இல் ஒல்லாந்து நாட்டுக் குரோனிங்கன் நகரை அடைந்தார். அங்கேதான் அந்த வினா அவரைப் பற்றிக்கொண்டது.

வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் அப்பிளும் அடிபட்ட இடத்திற் கறுக்கின்றன. தேசிக்காயும் தோடம்பழமும் கோவாவும் கறுப்பதில்லை. கறுப்பனவற்றிலே, காயம்பட்ட கலங்களின் பொருள்கள் வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சியேற்றம் பெறுகின்றன. கறுக்காதவற்றிலே இவ்வேற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஏதோ ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என்று கருதினார். இதனோடு இன்னுமொரு நினைவு வந்து சேர்ந்தது. சிறுநீரகத்தின்மேல் அமைந்த அதிரினற் சுரப்பிகள் பழுதுபட்டால் உண்டாகும் நோயொன்றைத் தோமஸ் அடிசன் என்னும் ஆங்கில மருத்துவர் 1855இல் விளக்கியிருந்தார். அந்நோயாளரின் தோல் வெண்கல நிறமாகக் கறுத்துப்போகும். கனி கறுப்பதும் மனிதன் தோல் கறுப்பதும் ஒரே வகையினவாயின், கறுப்பைத் தடுக்கும் பொருள் அச்சுரப்பியில் இருக்குமன்றோ என்று எண்ணி, மாடுகளின் அதிரினற் சுரப்பிகளை ஆராயத் தொடங்கினார்.

அவ்வெண்ணம் பிழையானது. அடிசன் நோயிலே தோல் கறுப்பது வேறு சுரப்புநீர்களின் சீர்கேட்டினால் என்பது பிற்காலத்திலே தெளிவாயிற்று. ஆனால் பிழையான வழியிலே சென்றவர் உண்மையான புதையலைக் கண்டார். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள் அச்சுரப்பியில் இருக்கவே இருந்தது.

அதனைப் பிரித்தெடுக்குமுன் துன்பம் சூழ்ந்தது. அவரை ஆதரித்த பேராசிரியர் இறந்தார். பின்வந்தவர் அவர் பணியை மதித்திலர். பொருள் முட்டுப்பட, மனைவியையும் மகளையும் அங்கேரிக்கு அனுப்பிவிட்டு, வாழ்வையே வெறுத்த நிலையில், 1926இல் ஸ்ரொக்ஹோம் நகரிற் கூடிய உடற்றொழிலியல் மாநாட்டுக்குச் சென்றார். ஆங்கே தலைமையுரை ஆற்றிய கேம்பிரிஜ் பேராசிரியர் ஹொப்கின்ஸ், உரையினிடையே சென்ற் ஜோர்ஜியின் பெயரை மும்முறை எடுத்துரைத்தார். கேட்டவர் தம் செவியையே நம்பினாரல்லர். உரை முடிந்ததும் அருகணைந்து தம்மை இன்னாரெனத் தெரிவிக்க, ஹொப்கின்ஸ் அவரைக் கேம்பிரிஜுக்கு அழைத்துக்கொண்டார். ஒருவர் உழைப்பை உரிய இடத்திலே ஒருமுறை எடுத்துச் சொல்லுதல் ஓர் உயிரையே காக்கும் என்பதற்கு ஆசிரியராகிய நாம் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

கேம்பிரிஜிலே அப்பொருளைச் சுரப்பியிலிருந்தும் தோடம்பழத்திலிருந்தும் கோவாவிலிருந்தும் பளிங்காகப் பிரித்தெடுத்து, 1927இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். கிடைத்தது ஒரு கிராமுக்கும் குறைவு. அது சருக்கரை இனத்தோடு உறவுடையதென்பது மட்டும் தெரிந்தது, மற்றொன்றும் தெரியவில்லை. ஆகவே கட்டுரை எழுதுகையில், அறியேன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லையும் சருக்கரைகளுக்குரிய விகுதியையும் கூட்டி, அதற்கு இக்னோஸ் என்று பெயரிட்டார். தமிழிற் சொல்லின், அறியேன் சருக்கரை எனலாம். ஆய்விதழின் ஆசிரியர் ஆதர் ஹார்டன் விளையாட்டை விரும்பாதவர். அவர் அப்பெயரை மறுக்க, சென்ற் ஜோர்ஜி கடவுளுக்குத்தான் தெரியும் எனப் பொருள்படும் கொட்நோஸ் என்னும் வேறொரு பெயரை அனுப்பினார். அதுவும் மறுக்கப்பட்டது. ஈற்றில், ஆறு காபன் அணுக்கள் உடைமையால் எட்சூரோனிக் அமிலம் என்னும் பெயரோடு 1928இலே கட்டுரை வெளிவந்தது.

இதனை வேடிக்கைக் கதையாக மட்டும் கொள்ளுதல் கூடாது. கண்டவன் தான் கண்டதன் பெயரிலேயே தன் அறியாமையைப் பொறிக்க முற்படுதல் எளிய செயலன்று. இப்பண்பே அவர் வாழ்க்கையின் உயிர்நிலை என்று கொள்கின்றோம்.

1929இல் அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்து மேயோ மருத்துவ நிலையத்துக்குச் சென்று, இறைச்சிச் சாலைகளிலிருந்து பெருந்தொகையாகச் சுரப்பிகளைப் பெற்று உழைத்தார். 25 கிராம் கிடைத்தது. ஒரு பகுதியை அமைப்பு ஆராயும்பொருட்டு இங்கிலாந்திலே பேர்மிங்ஹாம் பேராசிரியர் நோர்மன் ஹேவர்த்துக்கு அனுப்பினார், அது போதவில்லை. எஞ்சியதை எடுத்துக்கொண்டு, அங்கேரி அரசின் அழைப்பை ஏற்றுச் சேகெட் நகர்ப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக அமர்ந்தார்.

1931இலே சுவேர்பெலி என்னும் இளைஞர் அமெரிக்காவிலிருந்து அங்கு வந்தார். ஓர் உணவில் விற்றமின் சி உண்டா இல்லையா என்று சோதித்தறியும் முறையைப் பிற்ஸ்பேர்க் நகரில் சாள்ஸ் கிளென் கிங் என்பாரிடம் பயின்றவர் அவர். மரக்கறியும் பழமுமின்றி நெடுங்கடலோடிய மாலுமிகளுக்குப் பல்லீறு இரத்தங் கசிந்து, பழைய தழும்புகள் மீண்டும் புண்ணாகி, ஈற்றிற் சாவை விளைக்கும் ஸ்கேவி நோயைத் தோடம்பழமும் எலுமிச்சையும் தீர்க்கும் என்பதனை 1747இலே ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் காட்டியிருந்தார். அப்பழங்களிலுள்ள மருந்துச்சத்து யாது என்பதுதான் இருநூறாண்டாகத் தெரியவில்லை. சென்ற் ஜோர்ஜி தம்மிடம் எஞ்சிய அமிலத்தை எடுத்துச் சுவேர்பெலியின் கையிற் கொடுத்தார். மனிதரைப் போலவே கினிப்பன்றிகளும் இச்சத்தைத் தம் உடலில் ஆக்கிக்கொள்ள மாட்டாதவை. சத்தற்ற உணவு கொண்ட கினிப்பன்றிகள் நோயுற்று மாண்டன. அதே உணவோடு நாடோறும் 1 மில்லிகிராம் அமிலம் பெற்றவை நலமாக ஓடித்திரிந்தன. அறியேன் சருக்கரையே விற்றமின் சி என்பது வெளிப்பட்டது. 1932ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, இரு கிழமை முன்பின்னாக, கிங் ஒருபாலும் சேகெட்டார் ஒருபாலும் இம்முடிபை வெளியிட்டனர். முந்தியவர் யார் என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. கிங்கின் உழைப்பும் மெய்யான உழைப்பே என்று கூறுதல் நடுவுநிலையாகும்.

இனி வேண்டியது மிகுதியான அமிலம். அதற்கு வழிகாட்டியது இரவுணவுத் தட்டு. ஒருநாள் மனைவியார் சிவந்த கறிமிளகாயைப் பச்சையாகவே உணவோடு வைத்தார். அவருக்கு அதனை உண்ண விருப்பமில்லை. மறுத்துச் சொல்லத் துணிவுமில்லை. இக்காயை இதுவரை சோதித்ததில்லையே என்னும் எண்ணம் சட்டென்று தோன்ற, ஆய்வுகூடத்துக்கு எடுத்துப்போகின்றேன் என்று எழுந்துவிட்டார். நள்ளிரவுக்குள் அக்காய் அமிலச் சுரங்கம் என்பது தெரிந்தது. சேகெட் நம் வலிகாமம் போல மிளகாய்க்குப் பேர்போன ஊர். வீட்டு முற்றத்திலே குவிந்து கிடந்த பொருளை விட்டு, இறைச்சிச் சாலைகளில் அலைந்தமையை எண்ணி அவர் நகைத்திருப்பார். சில கிழமைகளுள் ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட தூய அமிலம் கிடைத்தது. அதனைத் தமக்கென்று பூட்டிவையாது, ஆராயக் கேட்டவர்க்கெல்லாம் பகிர்ந்தளித்தார். 1933இல் ஹேவர்த் அதன் அமைப்பைத் தெளிந்தார். ஸ்கேவியைத் தீர்ப்பது என்னும் பொருள்பட அஸ்கோபிக் அமிலம் என்று இருவரும் பெயரிட்டனர். அவ்வாண்டே சுவிற்சர்லாந்திலே ரைக்ஸ்ரைன் என்பவர் குளுக்கோசிலிருந்து அதனை ஆக்கும் வழியையும் கண்டார்.

1937ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு சென்ற் ஜோர்ஜிக்குக் கிடைத்தது. அவ்வாண்டு இரசாயனப் பரிசை ஹேவர்த்துடன் பகிர்ந்துகொண்டவர் போல் கரர் என்பவர். விற்றமின் ஏயின் அமைப்பைத் தெளிந்தவர். விற்றமின் ஏயின் மறுபெயரே ரெற்றினோல். எம் மருமகள் மேசைமேல் வைத்த இரு போத்தல்களின் உட்பொருள்களும் ஒரே ஆண்டில், ஒரே மேடையில் மதிக்கப்பட்டவை என்பதனை அவளிடம் சொன்னபோது, அவள் அவற்றைச் சற்று மரியாதையோடு திருப்பிப் பார்த்தாள்.

பரிசோடு அவர் ஓய்ந்திலர். 1939இன் இறுதியிலே சோவியத்துப் படைகள் பின்லாந்தைத் தாக்கியபோது, தம் நோபல் பொற்பதக்கத்தை அந்நாட்டார் துயர்தீர்க்கும் நிதிக்குக் கொடுத்துவிட்டார். பின்லாந்து வணிகர் ஒருவர் அதனை விலைகொண்டு அங்கேரிக்கே மீளக் கொடுக்க, அது அந்நாட்டு அரும்பொருளகத்தை அடைந்தது. 1943இல், நாசிகளின் பிடியிலிருந்து நாட்டை விடுவிக்கும் முயற்சியாக, விரிவுரை ஆற்றச் செல்பவர் போல இஸ்தான்புல் சென்று பிரித்தானியரோடு மறைவாகப் பேசினார். செய்தி ஹிற்லரின் செவிக்கு எட்டிற்று. 1944இல் யேர்மன் படை அங்கேரியுட் புகுந்தபின் அவர் தலைமறைவானார். சுவீடன் தூதரகம் அவருக்குச் சுவீடன் நாட்டுக் குடியுரிமையும் புதுப்பெயரும் தந்து காத்தது. போர் முடிந்தபின் நாட்டின் உயர்பதவிகளுக்கு அவர் பெயர் பேசப்பட்டது. சோவியத்து ஆதிக்கம் இறுகுவதைக் கண்டு, 1947இல் அமெரிக்கா சென்று, மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூட்ஸ் ஹோல் என்னும் கடற்கரையூரில் ஆய்வை மேற்கொண்டார்.

தசை எங்ஙனம் சுருங்குகின்றது என்பதிலே அவர் கண்ட உண்மைகள் இன்றும் பாடநூல்களில் நிற்கின்றன. இறுதிக் காலத்திலோ புற்றுநோயின் வேரைத் தேடினார். 1963இல் இரண்டாம் மனைவியாரையும், 1969இல் மகள் நெல்லியையும் அந்நோயே கொண்டது. தேடல் கைகூடவில்லை, அவர் கூறிய கொள்கைகளை அறிஞர் பலர் ஏற்றிலர். ஆயினும் தொண்ணூறு கடந்தும் ஆய்வுகூடம் செல்வதை நிறுத்தினாரல்லர். 1986ஆம் ஆண்டு ஒற்றோபர் 22ஆந் திகதி, 93ஆம் வயதில் வூட்ஸ் ஹோலிற் காலமானார். சேகெட் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி மருமகளின் வினாவுக்கு வருவோம். அரிந்த பொத்தியைக் கறுப்பிக்கும் செயலுக்கும், தோலில் மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் செயலுக்கும் உறவு உண்டு. இரண்டிலும் ஒத்த இனத்து நொதியங்களே தொழிற்படுகின்றன. ஆகவே தேசிக்காய் பொத்திக்குச் செய்வதனை அஸ்கோபிக் அமிலம் தோலுக்கும் ஓரளவு செய்யும். வெயிலாற் பட்ட கரும்படைகளை மெல்ல மங்கச் செய்யும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் உருவாகவும் துணைபுரியும். டியூக் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் செல்டன் பின்னெல் முதலியோர் ஆராய்ந்தவாறு, அது தோலுட் புகுதற்கு நீர்மம் நன்கு புளித்ததாயிருத்தல் வேண்டும். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் அமிலம் சேர்த்தும் பயன் மிகுவதில்லை. வளியும் ஒளியும் பட்டால் அமிலம் கெடும். கறுப்பைத் தடுப்பதே தான் கெட்டுப் பழுப்பாகிவிடும் என்பது வியப்பன்றோ! பழுப்பேறிய போத்தலை எறிந்துவிடுதலே தக்கது. இவற்றைக் கேட்டுத் தேசிக்காயையே முகத்தில் தேய்த்தலும் தவறு. அது தோலைப் புண்ணாக்கி, வெயிலிற் பின்னும் கறுப்பிக்கும்.

ரெற்றினோலின் இயல்பு வேறு. விற்றமின் ஏயிலிருந்து பிறக்கும் அமிலம் வெயிலால் மூத்த தோலின் சுருக்கங்களைக் குறைப்பதனை அல்பேட் கிளிக்மன் முதலிய மருத்துவர்கள் 1986இல் வெளியிட்டனர். ரெற்றினோல் தோலினுள்ளே அவ்வமிலமாக மாறிச் சற்று மென்மையாகத் தொழிற்படும். அதனை இரவிலே, சிறிதளவாகத் தொடங்கிப் பூசுதல் வேண்டும். தொடக்கத்தில் தோல் உரிதலும் எரிதலும் உண்டு. கருவுற்றிருப்போரும் கருவுற எண்ணுவோரும் அதனைத் தொடலாகாது என்பது மருத்துவர் கூற்று. ஆவணியிலே மணமகளாகும் இருபத்தாறு வயதினள், இல்லாத சுருக்கத்துக்கு அஞ்சி அதனைப் பூசுதல் பொருந்தாது.

ஆகவே இரண்டனுள் ஒன்று என்றால், முதற் போத்தலே அவளுக்கு உரியது; ஆனால் இப்பொழுதன்று. பெயரற்ற களிம்பு புண்படுத்திய தோலின்மேல் எந்த அமிலமும் படலாகாது. தோலை வெளிறச் செய்யும் இத்தகைய களிம்புகள் சிலவற்றில் இரசம் கலந்திருப்பது பல நாடுகளிலே கண்டறியப்பட்டிருக்கின்றது. இரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். ஆதலால் களிம்பை நிறுத்திவிட்டு, அதனையும் கையோடு கொண்டு, யாழ். போதனா வைத்தியசாலையிலே தோல் மருத்துவரை முதலிற் காணுமாறு சொன்னோம். மறுநாளே தாயும் மகளுமாகச் சென்று வந்தனர். தோல் ஆறும்வரை பொறுக்குமாறும், வெயிற் காப்புப் பூச்சைத் தவறாது பூசுமாறும், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்றும் மருத்துவர் கூறினாராம். எந்தச் சீரமும் வெயிற் காப்பின்றிப் பயன்படாது என்பதும், பிறவி நிறத்தை எதுவும் மாற்றாது என்பதும் அவள் அங்கே கேட்டறிந்தவை.

நிறத்தைக் குறைகூறியவர்க்கு யாது விடை என்று அவள் கேட்கவில்லை, யாமே சொன்னோம். சென்ற் ஜோர்ஜி ஆராய்ந்தது நோயினால் வந்த கறுமையை. நோயின்றி வந்த கறுமைக்கு அவர் மருந்து தேடவில்லை. அதற்கு மருந்து வேண்டுவதுமில்லை. ஒன்பது பாகைக்கு மேற்பட்ட அகலக்கோட்டிலே, ஆண்டு முழுதும் எரிக்கும் கதிரவனின்கீழ் வாழும் நமக்கு, மெலனின் என்பது இயற்கை விரித்த குடை. குடையைக் கிழித்து அழகு தேடுவாரும் உளரோ?

தான் கண்ட பொருளுக்கு அறியேன் என்று பெயரிட முனைந்தவர் ஒருவர். அவர் கண்டதனைச் சிமிழில் அடைத்து, ஏழே நாளில் எல்லாம் செய்யும் என்று விற்போர் பலர். பொருளைத் தேர்பவர் இவ்விரு குரல்களையும் வேறுபிரித்துக் கேட்கப் பழகுதல் வேண்டும். பெயரும் அளவும் எழுதாத சிமிழை வாங்காமையே அப்பழக்கத்தின் முதற்படி. எம் மருமகள் ரெற்றினோல் போத்தலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மற்றையது அலுமாரியிலே இருட்டில் இருக்கின்றது. தோல் ஆறியபின்னரே அதனைத் திறப்பாளாம். அதற்கிடையில் நாள்தோறும் ஒரு நெல்லிக்காய் உண்கின்றாள். அது முகத்துக்கு ஒளி தருமோ என்று கேட்டாள். அறியேன் என்றோம், உடலுக்கு நல்லது என்பது மட்டும் அறிவோம்.